ஐந்தரை மணிக்கு ஒரு எண்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மீட்டர் பூஜ்யத்தைக் காட்டியபோது நான் முதலில் மீட்டரைத்தான் சந்தேகித்தேன். பேட்டரியை மாற்றினேன். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. நூம்பலில் எங்கள் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசைமேல், உதிரிப் பாகங்கள் அடங்கிய கிட்டாக வாங்கி நானே பூட்டிய, ரேடியோவில் செய்தி அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டர் மூடி திறந்து கிடந்தது. தந்தியடிக்கும் மோர்ஸ் சாவியை அழுத்தினால் பக்கத்தில் வைத்திருந்த ரிசீவரில் கணீரென்று விசில் கேட்டது. ஆனால் ஆன்டெனா மாட்டும் முனையில் ஒன்றுமே இல்லை. இரண்டு வாட் வெளியே வரவேண்டிய இடம் அது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஈயப்பொட்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் கழித்து காயில் என்கிற கம்பிச்சுருள் ஒன்றின் காலில் வந்து நின்றேன். அந்தத் தாமிரக் கம்பியின்மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். சால்டர் வைப்பதற்குமுன் அதை நன்றாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். நான் சரியாகச் சுரண்டவில்லை. ஈயம் பளபளவென்று மேலே உட்கார்ந்திருந்ததே தவிர, உள்ளே இருந்த கம்பியை அது தொடவே இல்லை.

இப்படிப்பட்ட பிழை கிட் பூட்டுகிற எல்லோருக்கும் நேர்வதுதான். கண்டுபிடித்ததும் சந்தோஷம்தான் வரவேண்டும். எனக்கும் ஒரு நிமிடம் வந்தது. அந்தக் காயிலை எப்போது மாற்றினேன் என்று என் நோட்டைப் புரட்டினேன். ஜூலை மாதம் என்று எழுதியிருந்தது. அன்று பிப்ரவரி. ஏழு மாதங்களாக அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எதுவும் போகவில்லை. நோட்டை மூடப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்த ஏழு மாதமும், ஒரு நாள் விடாமல், என் மாமனார் திருநின்றவூரில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதை எழுதும் இப்போது அவர் காலமாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவரைப் பற்றிச் சொல்வதானால் அவருடைய மௌனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எனக்கும் கணவருக்கும் காதல் திருமணம். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்தவள். கணவர் வீட்டார் திருநின்றவூரில் தலைமுறைகளாக நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகப் போனபிறகு, மாமனார் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். இரும்புத் தகட்டை இயந்திரம் ஓங்கி அடித்து வடிவம் கொடுக்கிற இடம் அது. மாமியார் எங்கள் திருமணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மகன் தானே பெண் பார்த்துக்கொண்டதை மாமனார் எதிர்க்கவில்லை. என்னிடம் பேசவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை வருடம், தண்ணீர் வேண்டுமென்றாலும் மகனைப் பார்த்துத்தான் கேட்பார்.

அந்த மௌனத்தை உடைத்தது ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன்தான். ஒரு பொங்கலுக்கு அங்கே போயிருந்தபோது அவருடைய மிக்ஸி ஓடவில்லை. நான் கழற்றி, விட்டுப்போயிருந்த ஒரு கம்பியைப் பற்றவைத்தேன். அவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். "கை ஆடல," என்றார். என்னிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. பிரஸ் ஷாப்பில் கை ஆடாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று சாயங்காலமே, தனிமனிதர்கள் சொந்தமாக ரேடியோ வைத்து ஒருவரோடொருவர் பேசுகிற ஹாம் ரேடியோ என்றால் என்ன, அதற்கு நான் தேர்வு எழுதி உரிமம் வாங்கியது, தீப்பெட்டிகளை அடுக்கியதுபோன்ற ஒரு பெட்டியிலிருந்து எத்தனை தூரம் பேசலாம் என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த மாதம் அவருக்கென்று ஒரு ரிசீவர் பூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் ஏற்பாடு மிக எளிமையானது. எனக்குக் காலை ஷிப்ட். நாலு மணிக்குள் வீட்டில் இருப்பேன். ஐந்தரைக்கு, உரிமத்தோடு எனக்குக் கிடைத்த பெயர்போன்ற அழைப்புக் குறியை மோர்ஸில் மூன்று முறை அனுப்புவேன். பிறகு வாட்ஸ்அப்பில் 'அனுப்பினேன் மாமா' என்று போடுவேன். சத்தம் எந்த அளவுக்குக் கேட்டது என்று ஐந்துக்கு ஓர் எண்ணை அவர் திருப்பிப் போடுவார். தன் நோட்டிலும் தேதி போட்டு எழுதிவைப்பார். மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பியை நான் இப்படியும் அப்படியும் மாற்றிக் கட்டுவதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். காயிலை மாற்றிய அன்றும் அவரிடமிருந்து நான்கு என்று வந்தது. அதைப் பார்த்துத்தான் அளக்காமலே மூடியைத் திருகி மூடினேன். அதன்பிறகு ரேடியோவில் வேறு யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட்டும் இன்வெர்ட்டர்களும் போடுகிற இரைச்சலில் என் காதுக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாமனாருக்குக் கேட்கிறதே, அது போதும் என்றிருந்தேன். என் பிறந்தநாளன்று அவர் போட்ட எண் ஐந்து. 'மிகத் தெளிவு' என்று ஒரு வார்த்தையும் சேர்த்திருந்தார்.

மேசைமேல் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எங்கே என்று கணவர் கேட்டதற்கு, "மாமாவைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னேன். ஆவடி வழியாகப் போகும்போது மனதில் கோபம்தான் இருந்தது. என்னைச் சின்னப்பிள்ளையாக நினைத்து ஏமாற்றியிருக்கிறார் என்று தோன்றியது. இருநூறு நாளுக்கு மேல் பொய்யான எண்கள். அவற்றை நம்பி வெயிலில் மாடியேறிக் கம்பி கட்டியிருக்கிறேன்.

தெருமுனையில் திரும்பியபோதே அந்தச் சத்தம் கேட்டது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் எழும் சீற்றம், ஆனால் நிற்காமல். எதிர்வீட்டு அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா. நீ குட்த்த பொட்டிதான அது? டெய்லி இந்த நேரத்துக்கு உசுரு போவுது. புள்ளைங்க படிக்க முடில" என்றார். மாமாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொல்லிகினுதான் கீறேன். தலைய ஆட்டிகினு சிரிச்சிட்டுப் போவாரு." பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "உன் ஊட்டுக்காரரு கைல சொல்லு. முந்தாநேத்து தண்டவாளத்தாண்ட ரயிலு அம்மாம் ஹாரன் அடிக்குது, இவுரு பாட்டுக்கு நடந்துகினு கீறாரு. மார்க்கெட்டுக்காரன் ஒருத்தன் சட்டயப் புட்ச்சி இஸ்த்தான்."

கதவு திறந்துதான் இருந்தது. மாமனார் எனக்கு முதுகைக் காட்டி, சுவரோரம் இருந்த மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார், தலை வாரியிருந்தார். முன்னால் ரிசீவர், நோட்டு, சீவிய பென்சில். ரிசீவரின் ஒலிக்குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. என் பல் கூசியது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை ஆனதும் பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். பிறகு போனைப் பார்த்தார். என்னிடமிருந்து செய்தி வரவில்லை. காத்திருந்தார். மறுபடி போனைப் பார்த்தார். அவர் பின்னால் நான்கடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பத்து நிமிடம் போனபிறகு, பென்சிலை எடுத்து அன்றைய தேதிக்கு நேரே 4 என்று எழுதினார்.

நான் கையை நீட்டி, அவர் தோளுக்குப் பக்கவாட்டில், குமிழைத் திருகி அணைத்தேன். அறையில் சட்டென்று அமைதி விழுந்தது. எதிர்வீட்டு அக்கா தெருவில் "அப்பாடா" என்று சொன்னதுகூடக் கேட்டது. மாமனார் அசையவில்லை. நோட்டில் எழுதிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதி அவருக்குத் தெரியவில்லை. வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த கோபம் அந்த இடத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

என் கையின் நிழலைப் பார்த்துத்தான் அவர் திரும்பினார். "எப்பம்மா வந்த?" என்றார், எதுவும் நடக்காததைப்போல. நான் பேசினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். முன்பெல்லாம் அதை மரியாதை என்று நினைத்திருக்கிறேன். அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நோட்டிலேயே, 4 என்ற எண்ணுக்குக் கீழே, 'இன்று நான் அனுப்பவில்லை மாமா' என்று எழுதினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைக்கத் தொடங்கியவர் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அடுத்த வரியையும் எழுதவேண்டியிருந்தது. 'ஜூலையிலிருந்தே என் பெட்டி வேலை செய்யவில்லை. காயில் மாற்றியபோது நான் செய்த பிழை. ஏழு மாதமாக உங்களுக்கு எதுவுமே வந்திருக்காது.'

அதைப் படித்தபோது அவர் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். மாட்டிக்கொண்டவரின் முகமாக அது இல்லை. நோட்டைக் கிட்டே இழுத்து மறுபடி படித்தார். விரலை ஜூலை என்ற சொல்லின்மேல் வைத்தார்.

"அப்ப அன்னிக்கு என் காது போவலயா?" என்றார்.

அவரே மெதுவாகச் சொன்னார். "வருஷக்கணக்கா கொறஞ்சிகினுதான் வந்துது. மிசினு சத்தம். ஆனா உன் விசிலு மட்டும் கேக்கும். சவுண்ட ஏத்தி வெச்சா நல்லாவே கேக்கும். காயிலு மாத்திட்டேன் மாமா, இனிமே நல்லா வரும்னு நீ எழுதின பாரு, அன்னிக்குத்தான் எதுவுமே கேக்கல. சரி, அம்மாந்தான், காது முடிஞ்சிபோச்சின்னு நெனச்சிகினேன்." பிறகு, "நீ மாடியேறி அவ்ளோ கஷ்டப்பட்டியே. கேக்கலன்னு எப்டிம்மா எழுதறது?" என்றார்.

அந்த நாற்காலிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பெட்டி நன்றாக இருக்கிறது என்று அவர் எண்ணை வைத்து நான் முடிவு செய்தேன். தன் காது முடிந்துவிட்டது என்று என் பெட்டியை வைத்து அவர் முடிவு செய்திருந்தார். இரண்டுக்கும் காரணம், நகத்தளவு கம்பியில் நான் சுரண்டாமல் விட்ட பூச்சு. போன் செய்தால் எடுக்காமல் 'எழுதிப் போடும்மா, அதான் வசதி' என்று அவர் செய்தி போட்டபோது, அப்பா இந்தக் காலத்து ஆளாகிவிட்டார் என்று நானும் கணவரும் சிரித்திருக்கிறோம். தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது சமையல் மேடைக்கு அடியில், சாக்குக்குப் பின்னால், அடி கருகிய குக்கர்கள் மூன்று இருந்தன. விசில் கேட்காமல் தீய்ந்தவை. அவற்றைத் தேய்த்துத் தேய்த்து, முடியாமல், மறைத்துவைத்திருந்தார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "மவங்கிட்ட சொல்லாதம்மா. ஊட்ட பூட்டிட்டு அங்க வந்துடுன்னுவான்" என்றார். நான் தலையை ஆட்டினேன், சொல்லமாட்டேன் என்பதைப்போல. ஆவடிவரை சொல்லாமலிருக்கத்தான் நினைத்தேன். ஆனால் சட்டையைப் பிடித்து இழுத்த அந்த மார்க்கெட்டுக்காரர் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, அப்பாவைத் திட்டவில்லை. "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போய்ப் பாக்கறேன். எனக்குத் தெரியலையே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவடியில் காது டாக்டரிடம் காட்டினோம். இடது காதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வலது காதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்." கணவர் ஒரு கணம் என் பக்கம் திரும்பினார், உடனே வேறெங்கோ பார்த்தார். அந்த ஒரு கணத்தை நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. இன்றும் எதைப் பூட்டினாலும் மூடியை மூடுவதற்குமுன் இரண்டு முறை அளக்கிறேன். அதனால் எதுவும் சரியாகிவிடாது என்று தெரிந்துதான் செய்கிறேன்.

மாமனார் எங்களோடு வந்து இருக்க ஒப்புக்கொள்ளவில்லை. தண்டவாளத்தைக் கடப்பதில்லை, மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவது என்று மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்தார். என்னிடம் மறுபடியும் பேச்சு நின்றது. சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுச் சொன்னவள் நான். வலது காதுக்குக் கருவி வந்தது. எதிரில் உட்கார்ந்து பேசினால் புரிந்துகொண்டார். ஆனால் மோர்ஸ் விசில் மட்டும் கேட்கவில்லை. சீராக வருகிற விசிலை அந்தக் கருவி தேவையில்லாத இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்கிவிட்டது. அதைக் கணவர் வந்து சொன்னபோது எனக்கு வேறு யோசனை தோன்றியது. சத்தம் வரும்போது எரியவும் நிற்கும்போது அணையவும் ஒரு சிவப்பு விளக்கை ரிசீவரோடு சேர்த்தால் போதும். இரண்டு வாரம் அதோடு மல்லாடினேன். முதலில் எல்லா இரைச்சலுக்கும் எரிந்தது. பிறகு எதற்குமே எரியவில்லை. ஒருவழியாகச் சரிசெய்து, கணவர் கையில் கொடுத்தனுப்பினேன். கூட ஒரு தாளில் எழுதினேன்: 'எரியாவிட்டால் 0 என்று போடுங்கள் மாமா. எனக்கு 0 தான் உதவும்.'

என் பெட்டியின் காயிலை முன்பே சுரண்டிப் பற்றவைத்து, இரண்டு வாட் வருவதை அளந்துவிட்டிருந்தேன். மறுநாள் ஐந்தரைக்கு அனுப்பினேன். பதில் வந்தது: 0. அடுத்த நாளும் 0. அதன்பிறகும் 0. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் பேசவில்லை, ஆனால் உண்மையை எழுதிக்கொண்டிருந்தார். மாடியில் கம்பியைக் கிழக்கு மேற்காகத் திருப்பிக் கட்டிய அன்று விளக்கு அரைகுறையாக எரிந்து 1 வந்தது. ஒரு மாதத்தில் 3 ஆனது. விளக்கு குறுகி எரிந்தால் புள்ளி, நீண்டு எரிந்தால் கோடு என்று தாளில் குறித்துக்கொள்ளவும் தொடங்கியிருந்தார். மோர்ஸ் எழுத்துகள் அவருக்குத் தெரியாது. என் அழைப்புக் குறியின் வடிவம் மட்டும் பழகிவிட்டது. அதை 'உன் பேரு' என்று எழுதுவார்.

அப்படியிருக்கும்போது ஒரு வியாழக்கிழமை அம்பத்தூரில் அலுவலக வேலை முடியாமல் மாட்டிக்கொண்டேன். ஐந்தரை ஆனதே தெரியவில்லை. ஐந்தே முக்காலுக்குப் போன் மினுங்கியது. மாமனார் எழுதியிருந்தார்: 3.

நான் அனுப்பவில்லை. பெட்டி நூம்பலில் அணைந்து கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. மறுபடியும் அதே நோட்டு, அதே எண்கள் என்று தோன்றியபோது அழுகை வந்தது. வேலையைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். மின்சார ரயிலில் நின்றுகொண்டே போனேன். இந்தத் தடவை சும்மா விடப்போவதில்லை என்று, சொல்லவேண்டியதை வார்த்தை வார்த்தையாக அடுக்கினேன். இதற்குமேல் அந்த வீட்டில் தனியாக இருக்கவேண்டாம் என்பதுதான் அதன் கடைசி வரி.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் எழுந்துவந்தார். நான் வாய் திறப்பதற்குமுன் கையிலிருந்த தாளை நீட்டினார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார். "இன்னிக்கு உன் பேருக்குப் பின்னாடி புதுசா இன்னாவோ சேத்து அனுப்ச்சியே. அது எனக்குப் புரியல."

தாளை வாங்கிப் பார்த்தேன். சீராக, ஆடாத கையால் எழுதிய புள்ளிகளும் கோடுகளும். மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் முதலில் என் அழைப்புக் குறி. அடுத்து 'அழைப்பது' என்று பொருள்படும் இரண்டெழுத்து. அதற்கப்பால் நான் ஒருநாளும் அனுப்பியிராத வேறொரு குறி. அதன் தொடக்கம் இலங்கை ரேடியோக்காரர்களுக்கு உரியது. மூன்றாவது வரியில் இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியிருந்தார். ரயிலில் அடுக்கிவைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

வலது காதுப் பக்கம் போய்ச் சொன்னேன். "மாமா, இது நான் இல்ல. நான் ஆபீஸ்ல இருந்தேன். இன்னிக்கு அனுப்பவே இல்ல."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் பொய் எழுதலம்மா. லைட்டு எரிஞ்சிது."

"எரிஞ்சிருக்கு மாமா. இலங்கையிலேர்ந்து ஒருத்தர். இத்தனை நாள் நான் அனுப்பினது அங்க அவருக்குக் கேட்டிருக்கு. அவர்தான் என்னைக் கூப்பிட்டிருக்காரு."

அவர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து எண்ணினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அணைந்திருந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூணு தடவ கூப்ட்டாரும்மா," என்றார். "நடுவுல நிறுத்தி நிறுத்தி, நீ பேசுவன்னு பாத்துகினு இருந்திருக்காரு. நீ எங்க போய்ட்ட?"